பண்ணையில் பிறந்த வசைச்சொல்

ஒருவரை ஒழுக்கத்தில் இழிந்தவர் என்று ஒதுக்கித் தள்ளுவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களுள், தமிழரும் தம் சொல்லாகவே எடுத்துக்கொண்ட ‘வில்லன்’ என்ற சொல்லின் வரலாறு தனித்துப் பேசத்தக்கது. இன்று அது கதைகளில் தீமை செய்பவனையும், செய்தித்தாள்களில் ஒரு சீரழிவுக்குக் காரணமானவரையும், பிரிட்டிஷ் காவல்துறையினரின் பேச்சு வழக்கில் குற்றத்தையே தொழிலாகக் கொண்டவனையும் குறிக்கிறது. தொடக்கத்தில் அச்சொல்லுக்கும் தீமைக்கும் எந்த உறவும் இருக்கவில்லை. மற்றொருவருடைய நிலத்தோடு கட்டுண்டு உழுது, விதைத்து, அறுத்துக் கொடுத்த குடியானவனின் பெயர் அது. உழைத்தவனின் பெயர் அயோக்கியனின் பெயராக ஆன இந்த வரலாறு, ஒரு சமூகத்தில் மேலே இருப்போர் கீழே இருப்போரிடம் கொள்ளும் வெறுப்பு எப்படி மெல்ல மெல்ல அறத்தின் குரலைப் பெற்றுவிடுகிறது என்பதற்கு ஆங்கில மொழியில் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று.

ரோமானியர் காலத்து லத்தீனில் ‘வில்லா’ என்பது, நகருக்கு வெளியே செல்வர் வைத்திருந்த நாட்டுப்புற மாளிகையையும் அதைச் சூழ்ந்த விளைநிலங்களையும் சேர்த்துக் குறித்த சொல். அந்தப் பண்ணையைச் சார்ந்து வாழ்ந்தவனை இடைக்கால லத்தீன் ‘வில்லானுஸ்’ என்றும், பழைய பிரெஞ்சு ‘விலேன்’ என்றும் அழைத்தன. 1066இல் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றியபோது, பிரெஞ்சு பேசிய புதிய ஆளும் வகுப்போடு இச்சொல்லும் கடல் கடந்து வந்து சேர்ந்தது. கிராமத்தைக் குறிக்கும் ‘வில்லேஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். மாளிகையின் பெயர் மட்டும் தன் மதிப்பைச் சற்றும் இழக்கவில்லை என்பதையும், சென்னையிலும் கோவையிலும் மனை விற்பவர்களின் விளம்பரங்களில் ‘வில்லா’ என்பது இன்றும் வசதியின் அடையாளமாக நிற்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்த மாளிகைக்கு உணவளித்தவனுடைய பெயருக்கு நேர்ந்த கதி எத்தனை அநீதியானது என்பது விளங்கும்.

வில்லியம் 1085ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் ஆணையிட்டு, மறு ஆண்டில் தொகுக்கப்பட்ட ‘டூம்ஸ்டே புத்தகம்’ என்ற நிலக் கணக்கெடுப்பில், பதிவான குடியானவர்களுள் ஏறத்தாழப் பத்தில் நான்கு பேர் ‘வில்லானி’ என்ற தலைப்பின் கீழ் வருகின்றனர். இவர்கள் கிராமத்தின் கடைநிலையினர் அல்லர். ஓரளவு நிலத்தையும் உழவு மாடுகளில் பங்கையும் உடைய இவர்களுக்குக் கீழே, குடிசையும் சிறு துண்டு நிலமும் மட்டுமே உடையோரும், பதிவானோருள் பத்தில் ஒரு பங்கினரான அடிமைகளும் இருந்தனர். ஆகவே 11ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஊர்வாசி என்பதற்கு மேல் பெரிதாக எதையும் சொல்லவில்லை.

வீழ்ச்சி சட்டத்தின் வழியாக வந்தது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாம் ஹென்றியின் ஆட்சியில் அரச நீதிமன்றங்கள் வலுப்பெற்று, நில வழக்குகளை நேரடியாக விசாரிக்கத் தொடங்கியபோது, அந்த நீதிமன்றங்களின் வாசலில் நிற்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி எழுந்தது. சுதந்திரக் குடிகளுக்கு மட்டுமே என்று நீதிபதிகள் விடை கண்டனர். அப்படியானால் யார் சுதந்திரமானவர் என்பதற்குச் சோதனைகள் தேவைப்பட்டன. மகளுக்கு மணம் செய்விக்கப் பிரபுவுக்குக் கட்டணம் செலுத்துகிறவன், தான் இறந்தால் தன் தொழுவத்தில் உள்ள சிறந்த கால்நடையைப் பிரபுவுக்கு விட்டுச்செல்லக் கடமைப்பட்டவன், வாரத்தில் சில நாள்கள் கூலியின்றிப் பிரபுவின் நிலத்தில் உழைக்கிறவன், பண்ணையை விட்டு வெளியே வாழ ஆண்டுதோறும் காசு கட்டுகிறவன் ஆகிய அனைவரும் சட்டத்தின் கண்ணில் ‘வில்லெயின்’ ஆயினர். 13ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிராக்டனின் பெயரால் வழங்கும் நூல், மறுநாள் காலையில் என்ன வேலை ஏவப்படும் என்பதை முதல்நாள் மாலையில் அறியாமல் இருப்பதையே இந்த நிலையின் அடையாளமாகச் சொல்கிறது. வில்லெயினின் உடைமைகள் யாவும் சட்டப்படி பிரபுவுக்கே சொந்தம். பிரபுவுக்கு எதிராக அவன் அரசனிடம் முறையிட முடியாது. நடைமுறையில் அந்தந்தப் பண்ணையின் பழைய வழக்கங்கள் அவனை ஓரளவு காத்தன என்பதும், தப்பியோடி அரச உரிமை பெற்ற நகரம் ஒன்றில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் வாழ்ந்தால் அவன் விடுதலை பெற வழியிருந்தது என்பதும் உண்மையே.

உரிமைகளின் அடித்தளம் என்று உலகெங்கும் போற்றப்படும் 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவிலும் இந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறது. சட்டப்படியான தீர்ப்பின்றி எவரையும் சிறையிடக் கூடாது என்னும் அதன் புகழ்பெற்ற 39ஆம் பிரிவு ‘சுதந்திர மனிதனுக்கு’ மட்டுமே அந்தக் காப்பை அளிக்கிறது. வில்லெயின் தலைகாட்டுவது 20ஆம் பிரிவில்; அவனுக்கு அரசன் அபராதம் விதித்தால் அவனுடைய உழவுச் சாதனங்கள் பறிபோகாத அளவில் விதிக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. ஏரை இழந்தவனால் யாருக்கும் பயனில்லை என்பதை அந்தச் சாசனத்தைப் பெற்ற பிரபுக்கள் நன்கு அறிந்திருந்தனர்.

ஆனால் உரிமை இழந்தவன் என்பது வேறு, ஒழுக்கம் கெட்டவன் என்பது வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குச் சொல்லை நகர்த்தியது இலக்கியம். அதுவும் நீதிமன்றங்கள் இந்தக் கோட்டைக் கிழிப்பதற்கு முன்பே பிரெஞ்சு நாட்டுப் பிரபுக்களின் அவைகளில் அந்த நகர்வு தொடங்கிவிட்டது. அரசவையில் பழகுவதற்கு உரிய பண்பு என்ற பொருளில் ‘கோர்ட்’ என்ற சொல்லிலிருந்து ‘கர்ட்டசி’ என்ற இலட்சியம் பிறந்தபோது, அதற்கு எதிர்ச்சொல் ஒன்று வேண்டியிருந்தது. அரசவைக்கு எதிரிடம் பண்ணை. ஆகவே பண்பின்மைக்குப் பண்ணையாளின் பெயரே இடப்பட்டது. 1230ஐ ஒட்டிக் குய்யோம் தெ லோரிஸ் தொடங்கிய ‘ரோஜாவின் காவியம்’ என்ற பிரெஞ்சுக் கவிதையில், காதல் தோட்டத்தைச் சுற்றியுள்ள மதிலின் வெளிப்புறத்தில், உள்ளே நுழையத் தகாதவை பத்தின் உருவங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. வெறுப்பு, பேராசை, பொறாமை, போலிப் பக்தி ஆகியவற்றோடு ‘விலனி’, அதாவது குடியானவத்தனம், என்ற உருவமும் அங்கே நிற்கிறது. அந்த வரிசையின் இறுதியில் நிற்பது வறுமை. குணக்கேடுகளின் நடுவே வறுமையையும் ஒரு குற்றம் போலச் சேர்த்து மதிலுக்கு வெளியே நிறுத்தியதில், அந்தப் பண்பாட்டின் மனம் முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது.

இந்த ஏளனத்துக்குக் கொடிய விளைவுகளும் இருந்தன. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆந்திரேயாஸ் கப்பெல்லானுஸ் என்பவர் லத்தீனில் எழுதிய காதல் பற்றிய நூல், குடியானவர்கள் குதிரையையும் கோவேறு கழுதையையும் போல இயற்கை உந்துதலால் கூடுவார்களே தவிர அவர்களுக்குக் காதல் தெரியாது என்று கூறுவதோடு நில்லாமல், உயர்குடி ஆடவன் ஒருவன் குடியானவப் பெண்ணை விரும்பினால் ஓரளவு பலவந்தத்தைக் கையாளத் தயங்க வேண்டாம் என்றும் அறிவுறுத்துகிறது. அந்நூலை அங்கதமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என வாதிடும் அறிஞர்களும் உள்ளனர். அங்கதமே ஆனாலும், கேட்டவர்கள் சிரிக்கக்கூடியதாக அது இருந்தது என்பதே போதிய சான்று. 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் ருத்தபஃப், சொர்க்கத்தில் இடமில்லாத குடியானவனின் ஆன்மாவை நரகமும் வேண்டாமென்று ஒதுக்கிய கதையை நகைச்சுவைக் கவிதையாக்கினார். பிறப்பால் வந்த நிலை, பேச்சு, உடை, உடல் நாற்றம், ஒழுக்கம், மறுமை என்று ஒவ்வொன்றாக ஒரே சொல்லுக்குள் அடுக்கப்பட்டதன் விளைவாக, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில எழுத்தில் ‘வில்லன்’ இடம்பெறத் தொடங்கியபோதே, தாழ்ந்த பிறப்பும் தாழ்ந்த மனமும் அதில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. மலிவானது, இழிவானது என்று பொருள்படும் ‘வில்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கும் இதற்கும் வேர் வேறு என்றாலும், ஓசை ஒற்றுமையால் அதன் நிழலும் இதன்மேல் படிந்தது.

1348ஆம் ஆண்டின் கோடையில் தென்கரைத் துறைமுகம் ஒன்றின் வழியாக இங்கிலாந்துக்குள் நுழைந்த ‘கறுப்பு மரணம்’ என்னும் கொள்ளைநோய், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை அழித்தது. உழைக்கும் கைகள் அருகியதால் கூலி ஏறியது. ஏறிய கூலியைப் பழைய அளவிலேயே நிறுத்த 1351இல் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. பிரான்சோடு நடந்த நீண்ட போருக்காக 1377இலிருந்து மூன்று முறை தலைவரி விதிக்கப்பட்டது. 1381ஆம் ஆண்டு மே மாத இறுதியில் எஸ்ஸெக்ஸில் வரி வசூலுக்கு எதிராகத் தொடங்கிய எதிர்ப்பு கென்ட்டுக்கும் பரவி, வாட் டைலரின் தலைமையில் லண்டனை அடைந்தது. உலகின் முதல் ஆணும் பெண்ணும் தம் கைகளால் உழைத்து வாழ்ந்த காலத்தில் உயர்குடி என்று ஒன்று இருந்ததா என்று கேட்டுப் பாதிரியார் ஜான் பால் அவர்களிடையே பேசினார். ஜூன் 14ஆம் நாள் மைல் எண்ட் என்ற இடத்தில் 14 வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்டிடம் அவர்கள் முன்வைத்த முதன்மைக் கோரிக்கை வில்லெயின் நிலையை ஒழிக்க வேண்டும் என்பதே. மன்னர் இசைந்து சாசனங்கள் எழுதிக் கொடுத்தார். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் வாட் டைலர் கொல்லப்பட்டதும் நிலைமை தலைகீழானது. ஜூலை தொடக்கத்தில் சாசனங்கள் திரும்பப் பெறப்பட்டன. பழைய கட்டுநிலையிலேயே, அதைவிடக் கேடாகவே, அவர்கள் இருப்பார்கள் என்று எஸ்ஸெக்ஸ் மக்களிடம் மன்னர் சொன்னதாகத் தாமஸ் வால்சிங்ஹாமின் வரலாற்றேடு பதிவு செய்கிறது.

இந்த வால்சிங்ஹாம் யார் என்பது இங்கே மிக முக்கியமானது. அவர் லண்டனுக்கு வடக்கே உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் துறவி. அந்த மடமோ பெரும் நிலவுடைமையாளர். மடத்துக்குச் சொந்தமான ஆலையில் கட்டணம் செலுத்தித்தான் தானியம் அரைக்க வேண்டும் என்ற விதியை மீறி வீட்டில் திரிகை வைத்துக்கொண்ட மக்களோடு, மடத்தலைவர்கள் தலைமுறைகளாக வழக்காடி வந்தனர். 1327 முதல் 1336 வரை மடத்தலைவராக இருந்தவரும், வியக்கத்தக்க வானியல் கடிகாரம் ஒன்றை வடிவமைத்தவருமான வாலிங்ஃபோர்டு ரிச்சர்ட், மக்களின் திரிகைக் கற்களைப் பறிமுதல் செய்து மடத்தின் வரவேற்பறைத் தரையில் பதித்துவிட்டார். 1381 ஜூன் மாதம் கிளர்ச்சி அங்கே எட்டியபோது, நகர மக்கள் அந்தத் தரையைப் பெயர்த்துக் கற்களை உடைத்து, தேவாலயத்தில் வழங்கும் புனித அப்பத்தைப் பங்கிட்டுக்கொள்வது போலத் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொண்டனர். இதை நமக்குச் சொல்லி வைத்தவரும் அவர்களை வெறுத்த அதே வால்சிங்ஹாம்தான். மக்களின் தலைவர் வில்லியம் கிரைண்ட்காப் தூக்கிலிடப்பட்டார்; ஜான் பாலும் செயின்ட் ஆல்பன்ஸிலேயே ஜூலை 15 அன்று கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் நிகழ்ச்சிகளைக் குடியானவர் பக்கமிருந்து எழுதிய ஒரு முழு வரலாறும் எஞ்சவில்லை. கவிஞர் ஜான் கவர் தம் லத்தீன் கவிதையில் அவர்களைக் கழுதைகளாகவும் எருதுகளாகவும் பன்றிகளாகவும் நாய்களாகவும் உருமாற்றிக் காட்டினார். ஒரு சொல்லின் பொருளை முடிவு செய்வோர் எழுதத் தெரிந்தோரே என்ற நிலையில், எழுதத் தெரிந்தோர் அனைவரும் ஆலையின் சொந்தக்காரர் பக்கம் நின்றால் அரைக்கக் கொடுத்தவனின் பெயர் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்தப் போக்கு ஒரு சொல்லோடு நிற்கவில்லை. கயவனைக் குறிக்கும் ‘நேவ்’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் வெறுமனே சிறுவன் என்றே பொருள்பட்டது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல் இன்றும் சிறுவனையே குறிக்கிறது. சிறுவன் பணியாள் ஆனான். பணியாள் நம்பத்தகாதவன் ஆனான். அதே காலத்தில் சிறுவனையும் பணியாளையும் குறித்த மற்றொரு பழைய ஆங்கிலச் சொல், பிரபுக்களுக்குப் போர்ப்பணி செய்தோரைச் சுட்டத் தொடங்கியதால் ‘நைட்’ என்ற வீரப் பட்டமாக உயர்ந்துவிட்டது. ஒரே பொருளில் புறப்பட்ட இரண்டு சொற்களில் ஒன்று குதிரைமேல் ஏறியது, மற்றொன்று சமையற்கட்டில் நின்றுவிட்டது. நாகரிகமற்ற முரடன் என்று இன்று பொருள்படும் ‘சர்ல்’ ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் சுதந்திரக் குடியானவனின் பெயர். வெஸ்ஸெக்ஸ் சட்டத்தில் அவன் கொல்லப்பட்டால் உறவினருக்குச் செலுத்த வேண்டிய உயிரீட்டுத் தொகை 200 ஷில்லிங், உயர்குடியினனுக்கோ 1200 ஷில்லிங் என்று உயிரின் விலையே வகுக்கப்பட்டிருந்தது. ஆபாசத்தைக் குறிக்கும் ‘லூட்’ என்ற சொல்லின் கதை இன்னும் வெளிப்படையானது. குருமார் அல்லாத பொதுமக்கள் என்பதே அதன் முதற்பொருள். பொதுமக்கள் லத்தீன் அறியாதவர்கள், ஆகையால் அறிவற்றவர்கள், ஆகையால் காமுகர்கள் என்று படிப்படியாக அது இறங்கியது. மறுபுறத்தில் ‘நோபிள்’, ‘ஜென்டில்’, ‘ஜெனரஸ்’ என்ற சொற்கள் உயர்ந்த குடும்பத்தில் பிறத்தலைக் குறித்துத் தொடங்கி, பெருந்தன்மை, மென்மை, வள்ளன்மை என்ற குணங்களாக மலர்ந்தன.

ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இடைக்கால இலக்கியம் கற்பித்த சி. எஸ். லூயிஸ், 1960இல் வெளிவந்த ‘சொற்கள் பற்றிய ஆய்வுகள்’ என்ற தம் நூலில், சமூகத் தகுதியைக் குறிக்கும் சொற்கள் ஒழுக்கச் சொற்களாகும் இந்தப் பொதுப் போக்கைப் பெயரிட்டு விவாதித்தார். அவருக்கு முன்பே 1887இல் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே, ‘கெட்டது’ என்பதற்கான ஜெர்மன் சொல் ‘எளியது’ என்பதற்கான சொல்லோடு பிறப்பால் ஒன்று என்பதைச் சுட்டி, உயர்ந்தோர் தம்மையே நன்மையின் அளவுகோலாக வைத்துக்கொண்டதிலிருந்து தம் வாதத்தைத் தொடங்கினார். அவர் அங்கிருந்து சென்று சேர்ந்த முடிவுகளை ஏற்க வேண்டியதில்லை. அவர் கண்ட சான்று உறுதியானது.

எனினும் இந்த வரலாற்றை வெறும் அவதூறின் வரலாறாக மட்டும் படித்தால் பாதியைத் தவறவிட நேரும். பிறப்பின் பெயரைக் குணத்துக்கு ஏற்றியபோது, தம்மையறியாமலேயே உயர்குடியினர் ஓர் ஆயுதத்தைப் பிறர் கைக்குக் கொடுத்துவிட்டனர். இழிந்த குணம்தான் வில்லன் என்றால், இழிந்த குணமுள்ள பிரபுவும் வில்லன்தானே என்ற கேள்வியை அதன்பின் தடுக்க முடியவில்லை. இதை முதலில் தெளிவாகப் பயன்படுத்தியவர்களுள் ஒருவர் ஜெஃப்ரி சாசர். 1381இல் எஸ்ஸெக்ஸ் குடியானவர்கள் எந்த ஆல்ட்கேட் வாயிலின் வழியாக லண்டனுக்குள் நுழைந்தார்களோ, அந்த வாயிலின் மேல்மாடத்தையே அவர் அப்போது குடியிருப்பாக வைத்திருந்தார். பின்னர் எழுதிய ‘கேன்டர்பரி கதைகளில்’, பாத் நகரத்துப் பெண் சொல்லும் கதையில், முதிய பெண்ணொருத்தி உயர்குடி வீரனுக்கு நீண்ட உபதேசம் ஒன்றைச் செய்கிறாள். உயர்குணம் முன்னோரின் சொத்தோடு வந்து சேர்வதன்று, செயலால் வருவது. தீய செயலே ஒருவனைக் கீழ்மகனாக்குகிறது, அவன் பிரபுவாயினும் சரி என்பது அவள் வாதத்தின் சாரம். கற்பழித்த குற்றத்துக்காகத் தண்டனையை எதிர்நோக்கிய ஒரு வீரனிடம் இது சொல்லப்படுகிறது என்பதை நினைத்தால், குடியானவப் பெண்ணிடம் பலவந்தம் தவறில்லை என்ற பழைய அறிவுரைக்கு இது எவ்வளவு கடுமையான மறுமொழி என்பது புலப்படும்.

ஷேக்ஸ்பியரின் காலத்தில் இரு பொருள்களும் அருகருகே உயிரோடிருந்தன. ‘உங்கள் விருப்பப்படி’ என்ற நாடகத்தின் முதற்காட்சியில் அண்ணன் ஆலிவர் தன் தம்பி ஆர்லண்டோவை ‘வில்லன்’ என்று திட்டுகிறான். தான் சர் ரோலண்டின் மகன், ஆகவே வில்லன் அல்லன் என்று தம்பி விடையிறுக்கிறான். அண்ணன் சொன்னது அயோக்கியன் என்ற பொருளில். தம்பி பிடித்துக்கொண்டது பண்ணையாள் என்ற பொருளை. மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்திலோ, அரச குடும்பத்திலேயே பிறந்த குளொஸ்டர் கோமகன் தான் வில்லனாகவே ஆகப்போவதாக முதற்பேச்சிலேயே அறிவிக்கிறான். ஹேம்லெட் தன் தந்தையைக் கொன்று அரியணை ஏறிய சிற்றப்பனைச் சுட்டவும் இதே சொல்லைத்தான் நாடுகிறான். குடியானவனின் பெயர் முடிசூடிய மன்னனின்மேல் எறியப்பட்ட அந்த நாடக மேடையில், சொல் தன் பிறப்பிடத்திலிருந்து முற்றாகப் பிரிந்துவிட்டது.

அதற்குள் அந்தக் குடியானவ நிலையும் மறைந்துகொண்டிருந்தது. வில்லெயின் நிலையை எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை. ஆள் பற்றாக்குறையும் பணக் குத்தகையும் அதைக் கரைத்தன. 1574இல் முதலாம் எலிசபெத், தம் பண்ணைகள் சிலவற்றில் எஞ்சியிருந்தோரைப் பணம் பெற்றுக்கொண்டு விடுவிக்க ஆணையிட்டார். ஒருவனை வில்லெயின் என்று உரிமை கோரிய வழக்குகளில் 1618ஆம் ஆண்டு வழக்கே கடைசியாகச் சுட்டப்படுகிறது. அந்த நிலையிலிருந்து வளர்ந்த ஒரு வகை நிலவுரிமை மட்டும், 1922ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டு, 1926 ஜனவரி முதல் நாளில்தான் முடிவுக்கு வந்தது. வரலாற்றறிஞர்கள் இன்று பண்ணையாளைக் குறிக்கும்போது ஓர் உயிரெழுத்தை மாற்றித் தனி எழுத்துக்கூட்டலைக் கையாள்கின்றனர். திட்டாமல் அந்த மக்களைப் பற்றிப் பேசுவதற்கே அப்படியொரு ஏற்பாடு தேவைப்படுகிறது.

மறைந்த அந்த நிலை மிக எதிர்பாராத ஓரிடத்தில் ஒரு மனிதனின் விடுதலைக்குத் துணைநின்றது. வர்ஜீனியாவில் விலைக்கு வாங்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஜேம்ஸ் சாமர்செட் என்ற ஆப்பிரிக்க அடிமை 1771இல் தப்பியோடிப் பிடிபட்டு, ஜமைக்காவில் விற்கப்படுவதற்காகக் கப்பலில் விலங்கிடப்பட்டிருந்தார். அவருக்காக வாதாடிய இளம் வழக்குரைஞர் பிரான்சிஸ் ஹார்கிரேவ், இங்கிலாந்துச் சட்டம் அறிந்த ஒரே அடிமைநிலை வில்லெயின் நிலைதான், அது வழக்கொழிந்துவிட்டது, புதிய அடிமைநிலை எதையும் அச்சட்டம் ஏற்காது என்று வாதிட்டார். 1772 ஜூன் 22 அன்று தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு சாமர்செட்டை விடுவித்தார். குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிய மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று; எனினும் உரிமையற்ற குடியானவர்களின் நீண்ட வரலாறு ஒரு நீதிமன்றத்தில் அவர்களைப் போன்றவர்களுக்குச் சாதகமாக எடுத்துரைக்கப்பட்டது அரிதான நிகழ்ச்சி.

19ஆம் நூற்றாண்டின் மெலோடிராமா என்னும் உணர்ச்சி மிகுந்த நாடக வகையில், நாயகன், நாயகி ஆகியோரைப் போல வில்லனும் ஒரு நிலையான பாத்திரமானான். அங்கிருந்து திரைப்படத்துக்கும், திரைப்படத்தோடு தமிழுக்கும் வந்தான். தமிழ் இச்சொல்லை ஏற்றுக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. கள்வன், கயவன் என்பவற்றைப் போல ‘அன்’ ஈற்றோடு அது இயல்பாகவே ஒலித்ததால், பெண்பாலுக்கு ‘வில்லி’ என்றும், குணத்துக்கு ‘வில்லத்தனம்’ என்றும் தமிழ் தன் இலக்கணப்படியே புதுச் சொற்களை ஆக்கிக்கொண்டது. எம். என். நம்பியார், பி. எஸ். வீரப்பா ஆகியோரின் கண்ணும் சிரிப்பும் அச்சொல்லுக்கு முகம் கொடுத்தன. அந்தப் படங்கள் பலவற்றில் வில்லனாக வருபவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அவர் பண்ணையார், ஜமீன்தார், வட்டிக்குக் கடன் கொடுப்பவர். அவரிடம் துன்புறுபவர்களே கூலி உழவர்கள். பண்ணையில் கட்டுண்டு கிடந்தவனின் பெயர், எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டில், பண்ணையின் சொந்தக்காரருக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. சாசர் தொடங்கி வைத்த திருப்பம் இவ்வளவு முழுமையாக நிறைவேறிய வேறோர் இடத்தைக் காண்பது கடினம்.

ஆயினும் ஒழுக்க இழிவைச் சுட்டும் சொல்லில் சமூக ஏற்றத்தாழ்வின் வாடை முற்றாக நீங்கிவிட்டது என்று கொள்வதற்கில்லை. கோபம் ஒரு செயலை நோக்கிப் பாய்கிறது. செய்தவர் வருந்தித் திருந்தினால் தணியவும் கூடும். அவமதிப்போ ஆளையே நோக்கிப் பாய்ந்து, அவரைத் தனக்குக் கீழே ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறது. மேல், கீழ் என்ற இந்த அமைப்பு அந்த உணர்ச்சிக்குள்ளேயே இருப்பதால்தான், படிநிலைச் சமூகங்களில் அதற்குச் சொற்கள் அவ்வளவு எளிதாகக் கிடைத்தன. ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் 1797இல் வெளியிட்ட அறவியல் நூலில், தீயவனுக்கும்கூட மனிதன் என்ற முறையில் உரிய மதிப்பை முழுவதுமாக மறுக்க எவருக்கும் உரிமையில்லை என்று எழுதி, மூக்கையும் காதையும் அறுப்பது போன்ற இழிவுபடுத்தும் தண்டனைகளை அந்த அடிப்படையிலேயே கண்டித்தார். இதை மென்மையான அறிவுரை என்று எண்ணிவிடக் கூடாது. செயலைக் கண்டிப்பதற்கும் ஆளைக் கழிப்பதற்கும் இடையே கோடு போடாத சமூகம் எங்கே போய்ச் சேரும் என்பதை அவர் காலத்துத் தண்டனைக் களங்களே காட்டிக்கொண்டிருந்தன.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று இந்தக் கோட்டின் அருமையை விளக்கும். ‘டிப்ளோரபிள்’ என்பது வருந்தத்தக்க, கண்டிக்கத்தக்க செயலையோ நிலைமையையோ குறிக்கும் ஆங்கிலப் பெயரடை. 2016 செப்டம்பர் 9 அன்று நியூயார்க்கில் நடந்த நிதி திரட்டும் கூட்டத்தில், அமெரிக்க அதிபர் தேர்தல் வேட்பாளர் ஹிலாரி கிளின்டன், எதிர் வேட்பாளர் டொனால்ட் டிரம்பின் ஆதரவாளர்களில் பாதிப் பேரை, அச்சொல்லைப் பன்மைப் பெயர்ச்சொல்லாக்கி, ஒரு கூடையில் அள்ளிப் போடத்தக்கவர்களாகப் பேசினார். இனவெறி, பெண்வெறுப்பு ஆகியவற்றையே தாம் சுட்டுவதாக அவர் விளக்கியதும், அவை கண்டிக்கத்தக்கவை என்பதும் மறுக்கத்தக்கன அல்ல. ஆனால் பணம் கொடுத்தவர்கள் நிறைந்த அரங்கில் ஒழுக்கக் கண்டனமாகச் சொல்லப்பட்டதைச் சிற்றூர்களிலும் தொழிற்சாலை நகரங்களிலும் இருந்தவர்கள் மேலிருந்து வந்த ஏளனமாகவே கேட்டனர். அந்தச் சொல்லைச் சட்டைகளில் அச்சிட்டு அணிந்துகொண்டு டிரம்பின் கூட்டங்களுக்கு வந்தனர். மறுநாள் வெளியிட்ட அறிக்கையில் கிளின்டன் ‘பாதிப் பேர்’ என்று சொன்னதற்கு வருந்தினார்; அந்தப் பெயர்ச்சொல்லை அவர் திரும்பப் பெறவில்லை.